திரும்பி வரும் தட்டுகள்

அபுதாபிக்கு மேற்கே, ருவைஸ் என்னும் எண்ணெய் நகரியத்தில் நான் பொறுப்பாளனாக இருந்த விருந்தினர் விடுதியில் பதினோரு அறைகள், ஒரு சாப்பாட்டுக் கூடம், இருபத்திரண்டு நாற்காலிகள், ஐம்பத்து நான்கு பீங்கான் தட்டுகள். அந்த ஐம்பத்து நான்கில் எந்தத் தட்டு சாப்பிட்டுத் திரும்பி வந்தாலும் முதலில் எங்கள் சமையல்காரர் கைக்குத்தான் போக வேண்டும். தட்டு கழுவத் தனியாக ஆள் உண்டு. ஆனால் அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ம்" என்று சொன்ன பிறகுதான் தொட்டிக்குள் இறங்கும்.

அவரை நாங்கள் மாஸ்டர் என்று கூப்பிட்டோம். பரமக்குடிப் பக்கத்துக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். அதற்கு முன் ஏழு வருடம் லேபர் கேம்ப் மெஸ்ஸில் அறுநூறு பேருக்குச் சமைத்தவர். அங்கே தட்டு பார்க்க முடியாது, எல்லாம் ஒரே குவியலாகத் திரும்பி வரும், அது தனக்குப் பெரிய குறையாக இருந்தது என்று ஒரு தடவை சொன்னார்.

"வாயி பொய் சொல்லும் சார். நல்லாருக்கு மாஸ்டர், சூப்பர் மாஸ்டர்னு போயிருவாக. தட்டு பொய் சொல்லாது."

எனக்கு இது முதலில் அருவருப்பாக இருந்தது. அடுத்தவர் எச்சிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது என்ன பழக்கம்? பிறகு பயமாகிவிட்டது.

சென்னையிலிருந்து வந்து தங்கியிருந்த ஓர் இளம் எஞ்சினியரின் தட்டைப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு வலது பக்கம் கடவாப்பல்லு போச்சு" என்றார். நிலக்கடலையும் அப்பளமும் ஒதுக்கப்பட்டு, ரசம் சாதம் மட்டும் வழித்துச் சாப்பிடப்பட்டிருந்தது. "வலது பக்கம்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டேன். "வெண்டைக்காய இடது ஓரமா வச்சுக் கடிச்சுருக்காரு பாருங்க." எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பையன் கன்னம் வீங்கி, பல் டாக்டரிடம் போக வண்டி கேட்டு வந்தான். வலது கன்னம்.

இன்னொருவர் சோற்றை நன்றாகப் பிசைந்து, உருட்டி, அப்படியே விட்டிருந்தார். "போன்ல வீட்டம்மாகூடச் சண்டை. பிசையிற வரைக்கும் பசி இருந்துருக்கு."

என் தட்டையும் அவர் விடவில்லை. நான் கறிவேப்பிலையை எண்ணித் தட்டின் விளிம்பில் வரிசையாக வைப்பவன். சராசரி ஏழு. ஒரு நாள் அவர் தட்டோடு என் மேஜைக்கு வந்து நின்றார்.

"என்ன சார், இன்னிக்கு வரிசை கோணலா இருக்கு? ஊர்ல அம்மாவுக்கு ஒடம்புக்கு முடியலையா?"

அம்மா என்று அவர் சொன்னது என் மனைவியை. அவளுக்கு வயிற்றில் ஒரு கட்டி. பரிசோதனை முடிவு அடுத்த நாள் வர வேண்டும். ருவைஸில் நான் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. முடிவு நல்லபடியாகத்தான் வந்தது. ஆனால் அன்றிலிருந்து என் தட்டை நானே குழாயில் கழுவி வைத்துவிடுவேன். அந்த ஒரு தட்டு திரும்பி வராதது அவருக்கு வருத்தம் என்று மட்டும் தெரியும். எனக்கு அதைவிட என் பயம் பெரிதாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான், இரண்டாயிரத்து ஏழு வாக்கில், மெக்சிகோக்காரர் வந்தார். பம்புகளில் நிபுணர், அறுபத்து மூன்று வயது, நாலு மாத வேலை. மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாஸ்டர் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வார்.

முதல் ஆறு நாளும் பெரியவரின் தட்டு முக்கால்வாசி நிறைந்தே திரும்பியது. நான் கவலைப்பட்டேன். விருந்தினர் சாப்பிடவில்லை என்று மேலே புகார் போனால் மாஸ்டரை மறுபடி கேம்ப் மெஸ்ஸுக்கு அனுப்பிவிடுவார்கள். மாஸ்டர் கவலைப்படவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏழாம் நாள் சொன்னார்:

"சார், பெரியவரு கருகுனதத் தேடித் திங்கிறாரு. சப்பாத்தில கருப்புப் புள்ளி இருந்த எடத்த மட்டும் பிச்சுத் தின்னுருக்காரு. தக்காளில தோலு தீஞ்ச துண்டு மட்டும் காணோம்."

அடுத்த நாள் தக்காளி, வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய் எல்லாவற்றையும் நேரடி நெருப்பில் தோல் கருகச் சுட்டு, மிக்ஸியில் போடாமல் இடிகல்லில் நசுக்கி, எலுமிச்சை பிழிந்து வைத்தார். கத்தரிக்காய் சுட்டுத் துவையல் அரைக்கிற மாதிரிதான். பெரியவர் ஒரு வாய் வைத்தார். தட்டை எடுத்துக்கொண்டு நேராக அடுக்களைக்குள் வந்தார். விருந்தினர் அடுக்களைக்குள் வரக்கூடாது. அறிவிப்புப் பலகையில் இரண்டாவது விதி. அவர் இடிகல்லைத் தடவிப் பார்த்து, தன் அம்மா வீட்டிலும் இதே போல் ஒன்று மூன்று காலோடு இருந்தது என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் தமிழில் மாஸ்டருக்குச் சொன்னேன். அதன் பிறகு இரண்டாவது விதி பலகையில் மட்டும்தான் இருந்தது.

அவருடைய ஊர் மெக்சிகோவின் தெற்கில் வஹாக்கா என்னும் பகுதி. அங்கே சோளத்தை முதலில் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, தோல் நீக்கி அரைத்து ரொட்டி தட்டுவார்களாம். சுண்ணாம்பு என்றதும் எனக்குத் திக்கென்றது. மாஸ்டருக்கோ முகம் மலர்ந்தது. லீவு முடிந்து வந்த கேம்ப் ஆள் ஒருவரிடம் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு டப்பா இருந்தது. மூன்று கிலோ சோளத்துக்கு எத்தனை கரண்டி என்று நான் கேட்டுக்கொண்டே பின்னால் நின்றேன். "நாக்குல வச்சுப் பாத்துக்கிருவோம் சார்" என்றார். நாக்கு வெந்துபோனால் யார் பொறுப்பு? ஆனால் அந்தப் பானை கொதித்தபோது பெரியவர் வாசனை பிடித்து வந்து, கதவு நிலையில் சாய்ந்து, பதினைந்து நிமிடம் நின்றார். அன்று பதினான்கு சோள ரொட்டி தின்றார். தட்டில் ஒரு துணுக்கும் இல்லை. மாஸ்டர் அந்தக் காலித் தட்டை மற்ற எல்லாத் தட்டையும்விட அதிக நேரம் பார்த்தார்.

பெரியவர் பெட்டியில் எட்டு சாக்லேட் வட்டுகள் கொண்டு வந்திருந்தார். நம் கடைகளில் கிடைக்கிற மழுமழுப்பான சாக்லேட் இல்லை. சொரசொரப்பாக, சர்க்கரை கரையாமல், பட்டை வாசனையோடு, வெல்ல அச்சு மாதிரி இருக்கும். அதைக் கொதிநீரில் கரைத்து நுரை வரக் கடைய வேண்டும். அதற்கென்று அங்கே ஒரு மரக்கட்டை உண்டு, கொண்டுவர மறந்துவிட்டேன் என்று கையால் உருட்டிக் காட்டினார். மாஸ்டர் அலமாரியைத் திறந்து மோர் கடைகிற மத்தை எடுத்து நீட்டினார். பெரியவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

வாரத்துக்கு ஒரு முறை, மாலை நாலு மணிக்கு, அரை வட்டு கரையும். எனக்கும் அரை டம்ளர் வரும். சர்க்கரை வியாதிக்காரன் என்று சொல்லிவிட்டுத்தான் குடிப்பேன். முதலில் கசப்பு, மழை விழுந்த மண் மாதிரி ஒரு வாசனை, பிறகு பட்டையின் காரம், எல்லாம் இறங்கிய பிறகு மெதுவாக ஓர் இனிப்பு. கடைசி வாய் நுரையைப் பெரியவர் விரலால் வழித்து நக்குவார். மாஸ்டர் டம்ளரைப் பார்த்து, "இது கழுவுன டம்ளரா கழுவாத டம்ளரா?" என்பார்.

நவம்பர் தொடக்கத்தில் அவர்கள் ஊரில் இறந்தவர்களுக்குப் படையல் வைப்பார்களாம். செண்டுமல்லிப் பூ, படம், இறந்தவர் விரும்பிய சாப்பாடு. அவர் மனைவிக்குப் பிடித்தது கறுப்பு மோலே என்னும் குழம்பும் சாக்லேட்டும். இதைக் கேட்டதும் மாஸ்டர், "நம்ம படையல்தான சார், வச்சுருவோம்" என்றார்.

நான் பொருள்களை எண்ணினேன். இருபத்தாறு. வற்றல் மிளகாய் மூன்று வகை, அவர் ஊரிலிருந்து வந்தவை. எள், பாதாம், நிலக்கடலை, திராட்சை, நேந்திரம்பழம், பட்டை, கிராம்பு, சுட்ட ரொட்டி, கடைசியாகச் சாக்லேட்.

"இருபத்தாறு மாஸ்டர்! ஒண்ணு விட்டுப்போச்சுன்னா?"

"எங்க ஊரு கறிக்கொழம்புக்கே பதினாலு சார். இது என்ன, கூடப் பன்னெண்டுதான? நீங்க எண்ணுங்க, நான் கிண்டுறேன்."

மிளகாயையும் விதையையும் கறுப்பாகும் வரை வறுக்க வேண்டும். புகை எழும்பியது. இருமினோம். புகை அலாரம் அடித்தால் தீயணைப்பு வண்டி வரும், பிறகு விசாரணை வரும் என்று நான் நாற்காலி மேல் ஏறி நின்று, சரக்குப் பதிவேட்டால் அலாரத்துக்குக் கீழே இருபத்தைந்து நிமிடம் விசிறினேன். கீழே இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார்கள். நான் சைவம் என்பதால் கோழிச்சாறு சேர்ப்பதற்கு முன்பே ஒரு கரண்டி எடுத்து வைத்தார் மாஸ்டர். தார் போலக் கறுப்பு. இனிப்பா, காரமா, கசப்பா என்று என்னால் பிரித்து எண்ண முடியாத ருசி. எண்ண முடியாதது எனக்குப் பொதுவாகப் பிடிக்காது. இது பிடித்தது.

அன்று வெள்ளிக்கிழமை. மற்ற விருந்தினர்கள் அபுதாபி போயிருந்தார்கள். கூடத்தில் ஓரமாக ஒரு மேஜையில் பெரியவரின் மனைவி படம், செண்டுமல்லி, ஒரு சின்னத் தட்டில் மோலே, ஒரு டம்ளர் சாக்லேட். எட்டாவது வட்டு, கடைசி வட்டு, அதில் பாதி அந்த அம்மாவுக்கு, பாதி இவருக்கு. பன்னிரண்டு ஐம்பதுக்கு அவர் சாப்பிட உட்கார்ந்தார். முதல் வாய் வைத்துக் கண்ணை மூடினார். அவர் இடது கையால் ரொட்டி பிய்க்க ஆரம்பித்ததும் நாங்கள் அவரைத் தனியே விட்டு அடுக்களைக்கு வந்துவிட்டோம்.

ஒன்று இருபதுக்கு எழுந்து, லேசாகத் தலை வலிக்கிறது, படுக்கிறேன் என்று தன் அறைக்குப் போனார். போகும்போது கதவு நிலையில் இடது தோள் இடித்தது. நான் அதைப் பார்த்தேன்.

மாஸ்டர் மேஜைக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். தட்டில் வலது பாதி வழித்துத் துடைத்த மாதிரி காலி. இடது பாதியில் கோழி, குழம்பு, சோள ரொட்டி எல்லாம் தொடப்படாமல் இருந்தது. நடுவில் கோடு போட்டது போல் நேர்.

"சார், இங்கிட்டு வாங்க. இதப் பாருங்க."

நான் பார்த்தேன். எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்தேன்.

"மனைவிக்குப் பாதி விட்டிருக்கார் மாஸ்டர். படையல் நாள் இல்லையா? எடுக்காதீங்க."

"அம்மாவுக்குத்தான் அங்க தனியா வச்சுருக்காரே சார். அப்புறம் எதுக்கு இதுலயும் பாதி?"

"பகிர்ந்து சாப்பிடற வழக்கமா இருக்கும். நமக்கு என்ன தெரியும்? துக்கத்துல இருக்கார். போய்க் கேட்டு நோகடிக்காதீங்க."

"இது மனுசன் வைக்கிற மிச்சம் இல்ல சார். வேணாம்னு ஒதுக்குனா கலைஞ்சு கெடக்கும். வேணும்னு வச்சா ஒழுங்கா ஒதுக்கி வச்சுருப்பாக. இது பாக்காத மாதிரி இருக்கு."

"பார்க்காம எப்படிச் சாப்பிடுவார்? விருந்தினர் சொந்த விஷயத்துல தலையிடக் கூடாது. நாலாவது விதி. தட்டைத் தொடாதீங்க, அப்படியே இருக்கட்டும்."

நான் படித்தவன், அந்த விடுதிக்குப் பொறுப்பானவன். அவர் நின்றுவிட்டார். ஆனால் மேஜையை விட்டுப் போகவில்லை. சுற்றிச் சுற்றி வந்தார். தட்டை இந்தப் பக்கமிருந்து பார்த்தார், அந்தப் பக்கமிருந்து பார்த்தார். நான் அலுவலக அறையில் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டினேன். கூடத்தில் அவர் செருப்புச் சத்தம் நிற்கவே இல்லை. சரியாக இரண்டு மணிக்கு அவர் குரல் கேட்டது. அவ்வளவு சத்தமாக அவர் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"சார்! சாக்லேட்டு!"

தட்டுக்கு இடது பக்கம் பெரியவரின் டம்ளர். நிறைந்து, நுரை அடங்கி, மேலே ஆடை கட்டியிருந்தது.

"கடைசி வட்டு சார். இத விட்டுட்டுப் போவாரா அந்த மனுசன்? டம்ளரையே தின்னுருவாரே!"

தட்டைத் தூக்கிக்கொண்டு பெரியவர் அறைக்கு நடந்தார், நான் பின்னாலேயே ஓடினேன். கதவைத் தட்டினார். பெரியவர் திறந்தார். வலது காலில் செருப்பு இருந்தது, இடது காலில் இல்லை. மாஸ்டர் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் இருந்த சின்ன மேஜையில் தட்டை அரைச் சுற்றுத் திருப்பி வைத்தார். இப்போது மிச்சப் பாதி வலது பக்கம்.

பெரியவர் முகம் மலர்ந்தது. "அட, இன்னும் கொண்டுவந்தாயா!" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கரண்டியை எடுத்தார். ஆசையாகச் சாப்பிட்டார். அதில் வலது ஓரத்தை வழித்து முடித்துவிட்டுக் கரண்டியை வைத்தார். அந்த மிச்சத்திலேயே இடது புறமாக, நடுக்கோட்டை ஒட்டி இருந்த கால் பங்கு குழம்பு அப்படியே கிடந்தது.

"சார்," என்றார் மாஸ்டர் மெதுவாக, "இவருக்கு இடது பக்கம்னு ஒண்ணு இல்லாமப் போச்சு."

பிறகு வாசலுக்கு ஓடினார். தொழுகை முடிந்து வந்து திண்டில் சாய்ந்திருந்த பெஷாவர்க்கார டிரைவரைப் பார்த்து, "பாய், காடி நிகாலோ! ஜல்தி, ஜல்தி!" என்று இந்தியில் கத்தி வண்டியை எடுக்கச் சொன்னார். பெரியவர் எனக்கு ஒன்றும் இல்லை, எதற்கு இந்த ஆர்ப்பாட்டம் என்று வண்டியில் ஏறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இடது கை மடியில் வைத்த பொருள் மாதிரி கிடந்தது.

நகரியத்து ஆஸ்பத்திரிக்கு ஆறு வேகத்தடைகள். இரண்டு பதினேழுக்கு உள்ளே போனோம். மூளையின் வலது பக்கத்தில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது என்றார் டாக்டர். இந்த நோய் வந்தால் சிலருக்கு இடப்பக்க உலகமே மறந்துபோகும், மறந்ததும் தெரியாது என்றார். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று கேட்டார். நிமிடக் கணக்காக வேண்டும், அதை வைத்துத்தான் அடைப்பைக் கரைக்கும் ஊசி போடலாமா கூடாதா என்று முடிவு.

வாழ்நாளில் முதல் முறையாக ஒருவர் என்னிடம் நான் எண்ணி வைத்ததைக் கேட்டார். "பன்னிரண்டு ஐம்பதுக்கு உட்கார்ந்தார். பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு இடது கையால் ரொட்டி பிய்த்தார். ஒன்று இருபதுக்கு எழுந்தபோது இடது தோள் இடித்தது" என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டார். பிறகு தலையைத் தூக்காமலே, "ஒன்று இருபதுக்குத் தெரிந்தும் இரண்டே கால் வரை ஏன்?" என்று கேட்டார்.

மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அளவு ஆங்கிலம் அவருக்குப் புரியும் என்று எனக்குத் தெரியும். "என் தவறு" என்றேன். டாக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை. ஸ்கேன் எடுத்துவிட்டு ஊசி போட்டார்கள். மாலையில் ஆம்புலன்ஸில் அபுதாபிக்கு அனுப்பினார்கள்.

பெரியவர் பிழைத்தார். ஐந்து வாரம் கழித்து அவருடைய தம்பி வந்து அழைத்துப் போனார். ஊன்றுகோலோடு நடக்கிறார், பேச்சு நன்றாக இருக்கிறது, இடது கை மட்டும் திரும்பி வரவில்லை என்று பிறகு தகவல் வந்தது. தட்டில் இருப்பதை இப்போதெல்லாம் வீட்டில் யாராவது திருப்பித் திருப்பி வைக்கிறார்களாம்.

அந்தக் கை, தட்டு மேஜையில் கிடந்த நாற்பது நிமிடத்தில் போனதா, அதற்கு முன்பே போய்விட்டதா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. மாஸ்டர் அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அடுத்தவர் வீட்டுச் சண்டையைச் சோற்றில் படித்துச் சொல்கிறவர், இதை மட்டும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

அடுத்த வருடம் நான் ஓய்வு பெற்றுக் கிளம்பினேன். கடைசி நாள் மதியம் சாப்பிட்டு எழுந்தபோது, அந்தக் கோணல் வரிசை நாளுக்குப் பிறகு முதல் முறையாகத் தட்டைக் கழுவாமல் அப்படியே விட்டுவிட்டு, அடுக்களையின் தள்ளுகதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவர் வந்தார். யார் தட்டு என்று கேட்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பார்த்தார். அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி பார்த்தார்.

"சரியா இருக்கு சார்" என்றார், கதவைப் பார்க்காமலே. "கருவேப்பிலைதான் எட்டு. ஒண்ணு கூட."

அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அவருடைய போன் நம்பர் இரண்டு இருந்தது. இரண்டிலும் வேறு யாரோ எடுக்கிறார்கள்.

எனக்கு எழுபத்து நான்கு ஆகிறது. இரண்டு வேளையும் சாப்பிட்டு முடித்ததும் தட்டை அரைச் சுற்றுத் திருப்பிப் பார்க்கிறேன். மிச்சம் எதுவும் இல்லை. இல்லையென்றுதான் எனக்குத் தெரிகிறது. பெரியவருக்கும் அன்று அப்படித்தான் தெரிந்தது. ஆகவே அடுக்களைப் பக்கம் பார்த்து என் மனைவியைக் கூப்பிடுகிறேன்.

"கொஞ்சம் வந்து இந்தத் தட்டைப் பாரேன்."